வார்டில் ஆன்டிபயாடிக்: பினாங்கில் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை. டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸ் போகிற வேலை. எந்தக் கட்டிலில் எந்த ஆன்டிபயாடிக் போகிறது, இன்று எத்தனையாவது நாள், இன்னும் வேண்டுமா என்று பார்ப்பேன். வேண்டாம் என்று தோன்றினால் டாக்டரிடம் சொல்வேன். தமிழ் பேசுகிற ஆள் என்று தெரிந்ததும் விசிட்டிங் நேரத்தில் உறவினர்கள் பிடித்துக்கொள்வார்கள். லிஃப்ட் வரும் வரைக்கும் நின்றபடி சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றே ஒன்று: இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தாங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்குத்தான் அவர் நிலை தெரியும்.

நேற்று வரை பெரிய ஊசி போட்டார்கள். இன்று அதை நிறுத்திவிட்டு வேறு எதையோ போடுகிறார்கள். அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. பெரும்பாலும் அது நல்ல செய்தி.

அப்பா குளிர்நடுக்கத்தோடு எமர்ஜென்சிக்கு வந்த இரவில் உள்ளே இருப்பது எந்தக் கிருமி என்று யாருக்கும் தெரியாது. பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறவரிடம் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்க முடியாது. செப்சிஸ் (தொற்று உடம்பு முழுவதையும் தாக்கும் நிலை) முற்றி அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் ஏறியாக வேண்டும். அதனால் பலவகைக் கிருமிகளை ஒரே வீச்சில் அடிக்கும் மருந்தைப் போடுகிறார்கள். பைபராசிலின்-டாசோபேக்டம், மெரோபெனம் எல்லாம் அந்த ரகம்.

அந்த ஊசிக்கு முன்னால் கையில் ரத்தம் எடுத்துச் சின்னச் சின்ன போத்தல்களில் விட்டார்களே, கவனித்தீர்களா? "ஏற்கெனவே சோர்ந்து கிடக்கிற மனுஷனிடம் இவ்வளவு ரத்தமா?" என்று கோபம் கூட வந்திருக்கும். பெரியவர்களுக்குப் போத்தல் ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். குறைத்து எடுத்தால் கிருமி சிக்காமல் போய்விடும். ஆன்டிபயாடிக் ஏறிய பிறகு எடுத்தாலும் சிக்காமல் போகலாம். போத்தலுக்குள் இருப்பது கிருமிக்கான கஞ்சி. லேபில் ஒரு மெஷின் அதை உடம்புச் சூட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கும். கிருமி பெருகிக் காற்றை வெளியிட்டதும் போத்தலின் அடியில் நிறம் மாறும், மெஷின் கூவும். சில நேரம் அரை நாளிலேயே கூவிவிடும். பல நேரம் ஒன்றிரண்டு நாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். அந்தக் கிருமியை உள்ளங்கை அளவுத் தட்டில் ஜெல்லி மேல் தடவி, ஒவ்வோர் ஆன்டிபயாடிக்கும் ஊறிய பொட்டு அளவுக் காகித வில்லைகளை அதன் மேல் வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கப் பாசி பிடித்த மாதிரி கிருமி வளர்ந்திருக்கும். வேலை செய்கிற மருந்தைச் சுற்றி மட்டும் கோலம் அழித்த மாதிரி ஒரு வட்டம் சுத்தமாக இருக்கும். வேலை செய்யாத மருந்தின் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து கிடக்கும். (அந்த ஜெல்லி வேறு எதுவும் இல்லை, தீபாவளிக்கும் ஹரி ராயாவுக்கும் நாம் கலர் கலராகச் செய்கிற அதே அகார்-அகார்தான். 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. அவர் வீட்டுச் சமையலறையில் அது இருந்தது. பெயர் நம் ஊர் மலாய்ப் பெயர்.)

இந்தக் கல்ச்சர் ரிசல்ட் (கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவு) கையில் வந்ததும், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டதா? அதை மட்டும் அடிக்கிற மருந்துக்கு மாற்று. கிருமியே இல்லையா, காய்ச்சலுக்கு வேறு காரணம் தெரிந்துவிட்டதா? நிறுத்து. ஆரம்பிப்பதற்கு ஒரு டாக்டர் போதும். நிறுத்துவதற்குத்தான் தைரியம் வேண்டும். ஆகவே அப்பாவுக்கு மருந்து மாறினால் "ஏன் நிறுத்தினீர்கள்" என்று சண்டைக்குப் போகாமல் "கல்ச்சர் ரிசல்ட் வந்துவிட்டதா, என்ன கிருமி?" என்று கேளுங்கள்.

மலிவான மருந்துக்கு மாற்றுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசை மிச்சம் பிடிக்கிறார்களா?

இந்தச் சந்தேகம் நியாயமானது, பதிலும் நேராகவே சொல்கிறேன். தோலிலும் ரத்தத்திலும் தொற்றுகிற ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எம்ஆர்எஸ்ஏ என்கிற எதிர்ப்பு ரகமாக இருக்குமோ என்ற பயத்தில் முதலில் வான்கோமைசின் போடுவோம். சாதாரண ரகம்தான் என்று ரிசல்ட் வந்தால் கிளாக்சசிலினுக்கோ செஃபாசோலினுக்கோ மாற்றுவோம். இரண்டும் பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனால் அந்த ரகக் கிருமியைக் கொல்வதில் வான்கோமைசினைவிட இவைதான் கெட்டி. அங்கே விலை உயர்ந்ததில் தொடர்வதுதான் நோயாளிக்கு நஷ்டம். போதாததற்கு வான்கோமைசின் போனால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், ரத்தத்தில் மருந்து அளவு பார்க்க அடிக்கடி குத்த வேண்டும்.

தனியார் மருத்துவமனையிலும் இதே கணக்குதான். அங்கே பில் உங்கள் கைக்கு வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"இந்த மருந்துக்கு அனுமதி வாங்கணும்" என்று டாக்டர் சொன்னார். உயிர் போகிற நேரத்தில் ஃபாரம் நிரப்புகிற வேலையா?

உயிர் போகிற நேரத்தில் முதல் டோஸுக்கு யாரும் ஃபாரத்தைக் காட்டி நிறுத்துவதில்லை. அடுத்தடுத்த நாள்களுக்குத்தான் கேள்வி வரும்.

சில மருந்துகள் கடைசி அரண் மாதிரி. கோலிஸ்டின் போன்றவை, வேறு எதுவும் வேலை செய்யாதபோது எடுப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: தாராளமாக முதலில் எடுக்கக்கூடியவை, கண்காணித்துத் தர வேண்டியவை, கடைசிக்கென்று பூட்டி வைக்க வேண்டியவை. மருத்துவமனைகளில் இதைக் கவனிக்க ஒரு குழு இருக்கும்: தொற்றுநோய் நிபுணர், லேபில் இருக்கும் நுண்ணுயிரியல் டாக்டர், என்னைப் போன்ற ஃபார்மசிஸ்ட், தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி. நம் சுகாதார அமைச்சு இதற்கென 2014-இல் ஒரு நடைமுறை விதியையே வெளியிட்டது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதற்கான தேசிய வழிகாட்டி 2008 முதலே இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் இந்தக் குழு யாருக்கும் அவ்வளவு பிடித்தமானது அல்ல. இளம் டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்ததும் "ஐயோ, போலீஸ் வந்தாச்சு" என்பார். இப்போது அவரே போன் போட்டு "நாளைக்கு ஏழாவது நாள், நிறுத்தலாமா?" என்று கேட்கிறார்.

எனக்கு அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்து உடம்பு பழகிவிட்டது. அதனால்தான் கேட்கவில்லையா?

பழகுவது உங்கள் உடம்பு அல்ல, கிருமி. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

மருந்து போனதும் பலவீனமான கிருமி சாகும், தப்பிக்கிற வித்தை தெரிந்தது பிழைத்துப் பெருகும். அந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கடத்திவிடும். நம் குடலில் இருக்கும் சாதுவான கிருமிக்குக் கூட. நீங்கள் வாழ்நாளில் ஒரு மாத்திரை தொட்டிருக்காவிட்டாலும் பக்கத்துக் கட்டிலில் வளர்ந்த எதிர்ப்புக் கிருமி ஒருவர் கையில் ஒட்டிக்கொண்டு உங்களிடம் வரலாம். பெனிசிலினை 1928-இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, 1945-இல் நோபல் பரிசு வாங்கிய உரையில், குறைந்த அளவில் கண்டபடி எடுத்தால் கிருமி தேறிவிடும் என்று எச்சரித்துவிட்டுத்தான் இறங்கினார். 2019-இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தார்கள் என்பது 2022-இல் வெளியான மதிப்பீடு.

காய்ச்சல் 39-க்கு மேல். மூன்று நாளாக வார்டில் இருக்கிறாள். ஆன்டிபயாடிக்கே தரவில்லையே?

டிங்கியா என்று கேளுங்கள். நம் ஊரில் அதுதான் முதல் சந்தேகம். டிங்கி வைரஸ், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அதற்கான வைத்தியம் தண்ணீர்க் கணக்குதான்: எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, ரத்தம் கெட்டிப்படுகிறதா, பிளேட்லெட் எங்கே நிற்கிறது. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதால் "சூடு குறைந்துவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா" என்று கேட்டாலும் உடனே விடமாட்டார்கள். வீட்டிலிருந்து ஆன்டிபயாடிக் கொண்டுவந்து ரகசியமாகக் கொடுத்தால் அதன் வயிற்றுப்போக்கும் வாந்தியும் சேர்ந்து கணக்கையே குழப்பிவிடும். ஒருமுறை தலையணைக்கு அடியில் கண்டெடுத்திருக்கிறேன்.

எலிக் காய்ச்சல் வேறு கதை. அது பாக்டீரியா, ஆன்டிபயாடிக் வேண்டும். வெள்ளத்தில் நின்றது, ஆற்றில் குளித்தது, மார்க்கெட்டிலோ சாக்கடையிலோ வேலை செய்வது எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸ்தான். எனக்கே நடந்தது இது: மூக்கொழுகலோடு ஒரு கிளினிக்குக்குப் போய், எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) மட்டும் போதும் என்றேன். நான்கு பொட்டலம் வந்தது, ஒன்று அமோக்சிசிலின். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. திருப்பிக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கே "வேண்டாம்" என்று சொல்ல வாய் வரவில்லை என்றால் உங்கள் சங்கடம் புரிகிறது. "டாக்டர், இது பாக்டீரியாவுக்கா வைரஸுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் மரியாதையாகவும் இருக்கும், அவருக்கும் யோசிக்க ஓர் இடம் கிடைக்கும்.

டிரிப்பைக் கழற்றிவிட்டு மாத்திரை தருகிறார்கள். ஊசிதானே சீக்கிரம் கேட்கும்?

காய்ச்சல் அடங்கி, வாந்தி இல்லாமல் சாப்பிட முடிகிறவருக்குப் பல ஆன்டிபயாடிக்குகள் வாய் வழியாகவே போதுமான அளவு ரத்தத்துக்குப் போய்விடும். லினிசோலிட் கிட்டத்தட்ட முழுவதுமாக உறிஞ்சப்படுகிறது, மெட்ரோனிடசோலும் அப்படித்தான். ஊசி வழி என்பது தோலில் திறந்து வைத்த ஒரு கதவு. கையில் குத்தி வைத்திருக்கும் பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிச் சிவந்து தடித்து, அதிலிருந்தே புதுத் தொற்று ஏறிய நோயாளிகளை எல்லா வார்டிலும் பார்க்கலாம். மூளை உறை, இதய வால்வு மாதிரி இடங்களில் தொற்று இருந்தால் டாக்டர் ஊசியிலேயே நீண்ட நாள் வைத்திருப்பார். மற்றபடி மாத்திரைக்கு மாறினால் வீடு நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைக்கு மாறியாகிவிட்டது. தே தாரிக்கோடு (பால் தேநீரோடு) போட்டுக்கொள்ளலாமா?

சிப்ரோஃப்ளோக்சசின் என்றால் வேண்டாம். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குப் போக விடாது. வயிற்றெரிச்சல் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தே தாரிக் குடியுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். படுத்தால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

மருந்துப் பையில் "ஹபிஸ்கான்" (முழுதும் முடிக்கவும்) என்று இருக்கிறது. முடித்தே ஆக வேண்டுமா? டாக்டரோ ஐந்து நாள் போதும் என்கிறார்.

டாக்டர் சொன்ன நாள்கணக்கை முடியுங்கள். அந்தக் கணக்கு இப்போது பல நோய்களில் முன்னைவிடச் சுருங்கியிருக்கிறது. சாதாரண நிமோனியா, நோயாளி தேறிவிட்டால் ஐந்து நாள். சிறுநீரகத் தொற்று ரத்தம் வரை போயிருந்தாலும் நன்றாகத் தேறுகிற பலருக்கு ஏழு நாள் போதும். பதினான்கு என்பது பழைய பழக்கம். நாள் கூடக் கூட, குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கடுமையான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சி டிஃபிசில் என்ற கிருமிக்கு இடம் கிடைக்கிறது.

எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. காசநோய்க்கு ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். இன்னொன்று மெலியாய்டோசிஸ். மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமி, சர்க்கரை நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது. நம்மவர்களில் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். 1912-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு டாக்டர்கள் இதை முதலில் விவரித்தார்கள். இதற்கு முதலில் குறைந்தது பத்து நாளாவது ஊசி, பிறகு மூன்று மாதம் அளவுக்குக் கோட்ரைமோக்சசோல் மாத்திரை. இரண்டாம் வாரமே ஆள் தோட்டத்தில் வேலை செய்கிற அளவுக்குத் தெளிந்துவிடுவார், மாத்திரையை விட்டுவிடுவார். சில மாதம் கழித்து நோய் திரும்பி வரும். ஆகவே எத்தனை நாள் என்பதோடு ஏன் அத்தனை நாள் என்றும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

சின்ன வயதில் பெனிசிலின் அலர்ஜி என்று சொன்னார்கள். அதை அப்படியே சொன்னால் போதுமா?

போதாது. என்ன நடந்தது என்று சொல்லுங்கள். மூச்சடைத்து முகம் வீங்கியதா, உடம்பு முழுக்கத் தடித்ததா, வயிறு மட்டும் கலங்கியதா? எப்போது, எந்த மருந்துக்கு? அலர்ஜி என்று குறிக்கப்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் அலர்ஜி இல்லை. ஒரு அத்தை ஐம்பது வருஷமாகச் சிவப்பு மையில் "பெனிசிலின்" என்று சுமந்துகொண்டிருந்தார். துருவிக் கேட்டால், ஏழு வயதில் மருந்து குடித்ததும் வாந்தி எடுத்ததுதான் விஷயம். அந்த ஒரு சொல்லால் அவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டாம் தர மருந்தும் அகல வீச்சு மருந்துமே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கண்காணிப்பில் ஒரு சிறு டோஸ் கொடுத்துப் பார்த்துக் குறிப்பை நீக்கினோம். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

காலில் புண். கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைத் தூவலாமா? பாட்டி அப்படித்தான் செய்வார்.

என் பாட்டியும் அப்படித்தான் செய்வார். சிவப்பு மஞ்சள் கேப்ஸ்யூலை இரண்டாகப் பிரித்து, விபூதி மாதிரி ஒரு சிட்டிகை. வேண்டாம். குடிக்கிற மருந்தின் தூள் புண்ணில் கட்டி தட்டிக் கிடக்கும், அலர்ஜியைக் கிளப்பும், எதிர்ப்புக் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கும்.

தைப்பூசம் முடிந்த வாரம் தண்ணீர்மலைக் கோயில் வரை வெறுங்காலில் நடந்து கொப்புளம் கண்ட சர்க்கரை நோயாளிகள் வருவார்கள். உணர்ச்சி குறைந்த பாதம். மூன்றாம் நாள்தான் தெரியும். அந்தப் புண்ணில் சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் இல்லையென்றால் ஆன்டிபயாடிக் தேவையில்லை. சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, காலுக்குப் பாரம் கொடுக்காமல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் ஆறும். தொற்று வந்துவிட்டால் கதை வேறு, தாமதிக்கக் கூடாது. காயத்துக்கு மேல் சிவப்பு பரவுகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் அன்றைக்கே வாருங்கள்.

பாட்டியின் சிறுநீரில் கிருமி என்று ரிப்போர்ட். ஏன் மருந்து இல்லை?

எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி எதுவும் இல்லையென்றால் அது குடியிருக்கும் கிருமி, நோய் தருவதல்ல. வயதானவர்களிடமும் குழாய் போட்டவர்களிடமும் இது சகஜம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் மட்டும் விதிவிலக்கு.

ஆபரேஷன் முடிந்தது. ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தரக் கூடாதா?

தேவையான ஆபரேஷன்களில், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட்ட டோஸ்தான் காயத்தைக் காக்கும். தொற்று இல்லாத இடத்தில் செய்கிற சுத்தமான ஆபரேஷனில் அதற்கு மேல் நீட்டினால் பயனில்லை; நீட்டினாலும் பொதுவாக 24 மணி நேரத்தில் நிறுத்துவார்கள்.

போன மாதம் சென்னையில் வைத்தியம் பார்த்தோம். அதைச் சொன்னதும் அம்மாவைத் தனி அறையில் போட்டு, ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள். அவமானமாக இருக்கிறது.

அவமானப்படுத்துவதற்கு இல்லை. எந்த நாட்டு மருத்துவமனையில் தங்கியிருந்தாலும் குடலில் எதிர்ப்புக் கிருமி குடியேறியிருக்கலாம்; நோயே இருக்காது, ஆனால் மற்றவருக்குப் பரவும். மெரோபெனம் ரக மருந்துகளையே உடைத்துவிடும் என்டிஎம் என்ற நொதி 2008-இல், இந்தியாவில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் கண்டறியப்பட்டு, டில்லியின் பெயரைச் சுமந்தது. அந்தப் பெயர் இந்தியாவில் பலரைப் புண்படுத்தியது, எனக்கும் அதில் வருத்தம்தான். கிருமிக்கு பாஸ்போர்ட் கிடையாது. நம் ஊர் ஐசியூக்களிலும் இந்த ரகம் இருக்கிறது. தயவுசெய்து எங்கே, எத்தனை நாள் அட்மிட் ஆனார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவாருங்கள். எந்த மருந்து வேலை செய்தது என்பது அதில் இருக்கும்.

பார்க்க வருகிற நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே வரும்போதும் போகும்போதும் கட்டில் முனையில் இருக்கும் கைத்திரவத்தைத் தடவுங்கள். அடுத்த கட்டில் நோயாளிக்கும் பிஸ்கட் ஊட்டிவிட்டு வருவது நல்ல மனசுதான். நடுவில் கை கழுவுங்கள். டாக்டரோ தாதியோ கை கழுவாமல் தொட வந்தால் கேட்கலாம். கோபப்படமாட்டார்கள். பட்டாலும் பரவாயில்லை.

டாக்டர் சீட்டு இல்லாமல் ஃபார்மசியில் வாங்கலாமா?

கூடாது. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டப்படி சாப்பிடுகிற ஆன்டிபயாடிக் மருந்துகள் சீட்டுக்கு மட்டுமே. இந்தியா போனவர்கள் டாக்டரைப் பார்க்காமல் வாங்கிச் சூட்கேஸில் கொண்டுவந்து விழுங்குவதும் நல்லதல்ல.

வீட்டில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது?

அடுத்த காய்ச்சலுக்கு என்று வைக்காதீர்கள், அண்ணன் மகனுக்கும் கொடுக்காதீர்கள். டாய்லெட்டிலும் கொட்ட வேண்டாம். அரசாங்க மருத்துவமனை ஃபார்மசியில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், யாரும் திட்டமாட்டோம். சில வாரங்களுக்கு முன் ஒரு அம்மா ஒரு மைலோ டின் நிறையக் கொண்டுவந்து கவுண்டரில் கவிழ்த்தார். கணவருடையது, மாமியாருடையது, நாய்க்குக் கொடுத்தது எல்லாம் கலந்து கிடந்தது. உட்கார்ந்து பிரித்தோம். டின்னின் அடியில் 2011 என்று தேதி போட்ட ஓர் அட்டை இருந்தது. பத்து மாத்திரையில் மூன்று மட்டும் காலி.